சுவருக்குள் குழாய் உடைந்து அறை முழுக்கத் தண்ணீர்: காப்பீட்டு சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாதா?

ஈரச்சுவர்:
குளியலறைச் சுவருக்குள் போகும் சுடுதண்ணீர்க் குழாய் நேற்றிரவு உடைந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையறையில் மெத்தை நனைந்து, பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டது. கீழ்த்தளத்தில் ஜிப்சம் சீலிங் ஓரிடத்தில் தொங்குகிறது. மெயின் வால்வை மூடியாச்சு. வீட்டுக்கும் பொருள்களுக்கும் காப்பீட்டு பாலிசி இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் தொடாதே என்கிறார்கள் சிலர், உடனே காயவை என்கிறார்கள் சிலர். எதைக் கேட்பது?

அடிப்பூச்சு:
முதலில் அந்த சீலிங். தொங்குகிறது என்றால் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, மொத்தமாக இடிந்து விழலாம். அந்தப் பகுதியின் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, பக்கவாட்டில் நின்று, தொய்வின் அடிமட்டத்தில் ஸ்குரூடிரைவரால் ஒரு சின்னத் துளை போட்டு வாளியில் வடியவிடுங்கள். எம்.சி.பி.க்குப் போக ஈரத்தில் கால் வைக்கவேண்டியிருந்தால் நீங்கள் போகவேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, படம் எடுக்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். எடுத்தபிறகு காயவைக்காமலும் இருக்காதீர்கள். சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் பொறுப்பு என்று பெரும்பாலான பாலிசிகளிலேயே எழுதியிருக்கும். ஈரம் அப்படியே நின்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அதற்கு அப்புறம் "கவனிக்காமல் விட்டதால் வந்தது" என்று அந்தப் பங்கைக் கழிக்கலாம்.

படங்கள்: அறையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு ஒவ்வொரு பொருளும் முழுதாக, பிறகு சேதம் மட்டும் கிட்டத்தில், பக்கத்தில் டேப் அளவை வைத்து. சுவரில் ஈரம் ஏறிய உயரத்தை பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மின்சாதனங்களின் மாடல், சீரியல் எண் ஸ்டிக்கரையும் விடாதீர்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் பற்றிய தகவலும் போய்விடும். மூலக் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கெட்டுப்போன மெத்தையைச் சர்வேயர் பார்க்கும்வரை மூடிய வராந்தாவில் வைத்திருங்கள். வைக்கவே முடியாது என்றால், அப்புறப்படுத்துகிறோம் என்று கம்பெனிக்கு எழுதி, பதில் வாங்கிக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

பழைய கோப்பு:
உடைந்த குழாய்த் துண்டைப் பிளம்பர் கையோடு கொண்டுபோக விடாதீர்கள்! உடைப்புக்கு இருபுறமும் ஒரு சாண் விட்டு அறுத்து, தேதி எழுதி, கவரில் போட்டு வையுங்கள். திடீர் உடைப்பா, நாள்பட்ட கசிவா என்பதில்தான் இந்த வகை கிளெய்ம் பெரும்பாலும் நிற்கும், விழும். நாள்பட்ட கசிவுக்குப் பல பாலிசிகள் தராது. புதிதாகப் பிளந்த விளிம்பு சுத்தமாக இருக்கும். பலநாள் கசிந்த இணைப்பில் உப்புப் படிவமும் கறையும் தெரியும்.

படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ஊகம் வேண்டாம். "குழாய் பழசு, ரொம்ப நாளாக ஓதம் இருந்திருக்கலாம்" என்று தெரியாததை எழுதிவிட்டு அப்புறம் மல்லுக்கட்டுவதைவிட, எப்போது, எங்கே, எதைப் பார்த்தீர்கள், எப்போது வால்வை மூடினீர்கள் என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். முன்பே ஓதம் இருந்தது உண்மை என்றால் அதை மறைக்கவும் கூடாது.

இன்னொன்று: தண்ணீரால் வந்த சேதத்துக்குத் தருவார்கள், உடைந்த குழாயின் விலைக்குப் பல பாலிசிகள் தராது. பிளம்பரிடம் குழாய் வேலை, சுவர் உடைத்த வேலை, திரும்பப் பூசிய வேலை மூன்றுக்கும் தனித்தனி பில் கேளுங்கள். ஒரே தொகையாக இருந்தால் மொத்தமும் தகராறில் மாட்டும்.

அரைக்கணக்கு:
எவ்வளவு வரும் என்று பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். பொருள்களின் உண்மை மதிப்பு 10 லட்சம், நீங்கள் காப்பீடு செய்தது 6 லட்சம் என்று வையுங்கள். பாலிசியில் சராசரி விதி (மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடு செய்தீர்களோ, சேதத்திலும் அத்தனை பங்குதான் என்பது) இருந்தால், 1 லட்சம் சேதத்துக்கு 60 ஆயிரம்தான். காப்பீட்டுத் தொகைக்குள்தானே சேதம் என்ற வாதம் அங்கே செல்லாது. அதிலிருந்து நீங்கள் ஏற்கவேண்டிய ஆரம்பத் தொகை வேறு கழியும்.

தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியா, புதிதாக வாங்கும் விலை தரும் பாலிசியா என்றும் பாருங்கள். 10 வருட ஆயுள் கணக்கில் 4 வருடம் ஓடிய மெத்தைக்கு முதல் வகையில் 40 சதவீதம் போய்விடும்.

ஈரச்சுவர்:
ரொம்ப நன்றிங்க. பெயிண்டர் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். எஸ்டிமேட் அவரிடமே வாங்கலாமா?

அடிப்பூச்சு:
எஸ்டிமேட் வாங்குங்கள், வேலையைத் தொடங்கவிடாதீர்கள். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும், பூச்சுக்குள் ஈரம் நிற்கும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. அதன்மேல் புட்டி போட்டால் உப்பு பூத்து உரியும். எஸ்டிமேட்டில் "பெயிண்டிங்" என்று ஒற்றை வரி போதாது: எத்தனை சதுர அடி சுரண்டல், பூச்சு, பிரைமர், எத்தனை கோட் என்று இருக்கவேண்டும்.

பழைய கோப்பு:
அதனால்தான் "முழு இறுதித் தீர்வு" என்ற, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம் என்பது. சுவர் காய்ந்தபிறகுதான் அலமாரியின் பின்பலகை பிளந்தது தெரியவரும். இடைக்காலத் தொகை தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏதாவது மறுத்தால், எந்த விதியின்கீழ் என்று எழுத்திலேயே வாங்குங்கள்.