ஹெக்ஸ்சைடுக்கு ‘இடைக்கோடு’ பொருந்துமா?

காய்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு வரைபடங்களில் அடுத்தடுத்த இரண்டு அறுகோணக் கட்டங்களுக்குப் பொதுவாக நிற்கும் கோட்டை, அதாவது ஹெக்ஸ்சைடை (hexside), தமிழில் ‘கட்டப் பக்கம்’ எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. ‘எதிரியின் பக்கம்’, ‘12ஆம் பக்கம் காண்க’ என்பனவும் அதே விதிநூலில் வரும். ‘விளிம்பு’ நல்ல சொல்தான். ஆனால் துணைப்படைகள் வரைபடத்தின் விளிம்பு வழியாகவே களத்துக்குள் நுழைவதால், அதை அங்கேயே விட்டுவைப்பது நல்லது. ‘வரம்பு’ என்றால், ஒரு கட்டத்தில் எத்தனை காய்களை அடுக்கலாம் என்ற அளவோடு குழம்பும்.

நான் முன்வைப்பது ‘இடைக்கோடு’. அந்தக் கோடு எந்த ஒரு கட்டத்துக்கும் தனியுரிமை உடையதன்று. இரண்டுக்கும் இடையில் கிடப்பது என்பதே அதன் இயல்பு.

இந்த இயல்பு ஏன் முக்கியம் என்பதை அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களம் காட்டுகிறது. 1862 செப்டம்பர் 17 அன்று வடதரப்புத் தளபதி பர்ன்சைடின் படைகள் ஆன்டீட்டம் ஓடையின் மீதிருந்த ஒரு குறுகிய கல் பாலத்தைக் கைப்பற்ற முயன்றபோது, எதிர்க்கரை மேட்டிலிருந்த தென்தரப்பின் சில நூறு ஜார்ஜியா வீரர்கள் அவர்களை மணிக்கணக்கில் தடுத்து நிறுத்தினர். அந்த ஓடையைக் கட்டத்தின் நடுவே வரைந்தால், அங்கே நிற்கும் காய் எந்தக் கரையில் நிற்கிறது என்ற கேள்விக்கு விடையே இருக்காது. அதனால்தான் வரைபடக் கலைஞர்கள் ஆற்றின் உண்மையான போக்கைச் சற்றே வளைத்து இடைக்கோடுகளின் வழியே ஓடவிடுகிறார்கள். நில அளவைத் துல்லியத்தில் இது சிறு இழப்புதான். ஆனால் படை எக்கரையில் உள்ளது, பாலம் எங்கே உள்ளது என்பன பார்த்தவுடனே விளங்குவதால், இந்த இழப்பு முற்றிலும் தகும் என்பது என் உறுதியான கருத்து. வளைக்கத் துணியாமல் ஆற்றை இடைக்கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் நெளியவிடும் வரைபடங்கள், அழகாக இருந்தாலும், ஒவ்வொரு தாக்குதலிலும் வாக்குவாதத்தையே வளர்க்கின்றன.

விதிநூல் வாக்கியத்தில் இச்சொல்லை வைத்துப் பார்ப்போம்: “ஆற்று இடைக்கோட்டைக் கடந்து தாக்கும் படையின் வலிமை பாதியாகக் கொள்ளப்படும்.” “பார்வைக்கோடு (ஒரு காயிலிருந்து அதன் இலக்கு வரை செல்லும் நேர்க்கோடு) ஓர் இடைக்கோட்டின் மீதே சென்றால், இருபுறக் கட்டங்களும் காடாக இருந்தால் மட்டுமே பார்வை மறைக்கப்படும்.” இரண்டாம் வாக்கியத்தில் ‘கோடு’ இருமுறை வருவது உறுத்துகிறது என்றால், ‘பார்வைக்கோடு’ என்பதைப் ‘பார்வைத்தடம்’ என மாற்றலாம், இடைக்கோட்டை மாற்ற வேண்டியதில்லை.

மூன்று கட்டங்கள் கூடும் புள்ளிக்கு ‘முச்சந்தி’ என்ற பரிந்துரையும் வந்துள்ளது. வரைபடத்தில் சாலைகளும் இருப்பதால் அது பொருந்தாது. ‘முக்கட்டப் புள்ளி’ என்பதே போதும்.