சந்தேகம்: கரோகேயில் பாட எளிதான ஜப்பானியப் பாட்டு எது?

யொகொஹாமாவாசி:
வணக்கம். வேலை யொகொஹாமாவில். டிசம்பர் கடைசியில் அலுவலகத்தில் போனென்காய், அதாவது ஆண்டிறுதி விருந்து. சாப்பாடு முடிந்ததும் நிஜிகாய்க்கு (விருந்தின் இரண்டாம் சுற்றுக்கு) நேரே கரோகேதான் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடிச் சமாளிக்கலாம்தான். ஆனால் வந்த நாளிலிருந்து எனக்காக மெதுவாகப் பேசி, வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள். அவர்கள் மொழியிலேயே ஒரு பாட்டை முழுசாகப் பாட வேண்டும் என்று ஆசை.

ஒலிக்கேற்ற ஜப்பானிய எழுத்துகளான ஹிரகானா, கதகானா மெதுவாகப் படிப்பேன். கஞ்சி என்னும் சீன வழி எழுத்துகள் மிகவும் கொஞ்சம். சாதாரண ஆண் குரல். சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போனதால் சுருதி நிற்கும். யோஅசோபியின் 'யோரு நி ககேரு', ஹிகேதான்திஸ்மின் 'ப்ரிடெண்டர்' இரண்டு பாட்டும் எனக்கு உயிர். வீட்டில் பாடிப் பார்த்தால் முதலாவதில் வாய் ஓடவில்லை, இரண்டாவதில் மேலே எட்டவில்லை. இவற்றையே பழகலாமா, வேறு பாட்டுக்குப் போகலாமா? கூட வருபவர்கள் முப்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள்.

நிஷிகசாய் அக்கா:
தம்பி, அந்த இரண்டையும் கேட்பதோடு வைத்துக்கொள்ளுங்கள். அவை ஜப்பானியர்களுக்கே கஷ்டம். 'யோரு நி ககேரு'வில் மூச்சு விட இடமே இருக்காது, கடைசியில் சுருதியும் மாறும். 'ப்ரிடெண்டர்' உயரத்திலேயே குடியிருக்கும் பாட்டு.

பிடித்த பாட்டும் பாட வரும் பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு சுரத்துக்கு எத்தனை எழுத்து? பழைய பாடல்களில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு சுரம். திரையில் எழுத்தின் மேல் நிறம் நகர நகர, நாம் நிதானமாகக் கூடவே போகலாம். புதிய பாடல்களில் ஒரே சுரத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துகளைத் திணித்துவிடுவார்கள். கண் படித்து முடிப்பதற்குள் வரி தாண்டிப் போயிருக்கும்.

என் தேர்வு ஸ்மாப் குழுவின் 'செகாய் நி ஹிதோத்ஸு தகே நோ ஹனா'. எழுதி இசையமைத்தவர் மகிஹாரா நோரியுகி. 2003இல் தனி இசைத்தட்டாக வந்து முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. உங்கள் கூட்டத்தில் இது தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே மெட்டில் சேர்ந்து பாடும் பாட்டு, பெரிய ஏற்றம் கிடையாது. பல்லவி வரும்போது அறையே கூடச் சேர்ந்துகொள்ளும்.

மோகனப்பிரியன்:
அக்கா சொன்னது சரி. ஆனாலும் முதல் பாட்டு என்றால் நான் கியூ சகாமோத்தோவின் 'உயே ஓ முயிதே அருகோ'வைத்தான் சொல்வேன். 1961இல் வந்தது. வரிகள் எய் ரொகுசுகே, இசை நகமுரா ஹச்சிதாய். 1963இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் இதுதான்.

பாட்டுக் கற்றவர் என்கிறீர்களே, ஒருமுறை சுரம் பிடித்துப் பாருங்கள். ஆரம்பப் பகுதி பெரும்பாலும் ச ரி க ப த, இந்த ஐந்துக்குள்ளேயே நடக்கும். நம் மோகனத்தின் சுரங்கள். நடுவில் வரும் பகுதியில்தான் வெளிச்சுரம் எட்டிப்பார்க்கும், அந்த இடத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள். வரிகள் குறைவு, திரும்பத் திரும்ப வரும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கரோகே அறையில் அடுத்தவர் தன் முறைக்குக் காத்திருப்பார், அங்கே குறுகிய பாட்டுக்கு நல்ல மரியாதை உண்டு.

யொகொஹாமாவாசி:
மிக்க நன்றி, இருவருக்கும். மோகனம் என்றதும் பாதி பயம் போய்விட்டது. வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடலாமா? அப்புறம், நத்சுகாவா ரிமி பாடிய 'நதா சோசோ'வும் மெதுவாகத்தானே இருக்கிறது, அது எப்படி?

மோகனப்பிரியன்:
தமிழில் எழுதினால் வல்லினம் காலை வாரும். 'அருகோ' என்று எழுதினேன், நீங்கள் அதில் வரும் 'கோ'வை நம் வழக்கப்படி மென்மையாகத்தான் படித்திருப்பீர்கள். அங்கே அது 'பக்கம்' என்பதில் வரும் அழுத்தமான க. அதற்காக 'அருக்கோ' என்று எழுதினால், உண்மையிலேயே இரட்டிக்கும் இடங்களோடு குழம்பும். ஹிரகானா மெதுவாகவாவது வருகிறதே, அதுவே போதும். திரையில் கஞ்சிக்கு மேலே சின்ன ஹிரகானா போட்டிருப்பார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது நமக்குப் பழக்கம், அதில் தவறமாட்டோம். ஆனால் 'ன்' என்ற மெய்யை நம் நாக்கு அரை மாத்திரையில் முடித்துவிடும். அங்கே அதற்கும் முழு இடம் உண்டு, பழைய பாட்டுகளில் தனிச் சுரமே கொடுத்திருப்பார்கள். அடுத்த மெய்யை இரட்டிக்கச் சொல்லும் சின்ன 'த்ஸு' எழுத்து வந்தால் அந்த அளவுக்குக் குரலை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் விழுங்கினால், மெட்டு சரியாக இருந்தும் வரி முன்னால் ஓடிவிடும்.

நிஷிகசாய் அக்கா:
'நதா சோசோ' அருமையான பாட்டு. மொரியாமா ரியோகோ இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதிய வரிகள், ஒகினாவாவின் பிகின் குழு போட்ட மெட்டு. எல்லோரும் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அறையில் அதை எடுக்காதீர்கள். நாலைந்து பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் பாடினால் அதற்கு உரிய இடம் கிடைக்கும்.

கடைசி ரயில்:
இரண்டுமே கொஞ்சம் அமைதியான பாட்டுகளாக இருக்கின்றனவே. முப்பது வயதுக்காரர்கள் இருந்தால் மங்கோல் 800 குழுவின் 'சீசனா கொய் நோ உதா'வையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2001. வேகம்தான், ஆனால் தாளம் நேராக இருக்கும், பல்லவியில் ஆளாளுக்குக் கத்துவார்கள். ஸ்பிட்ஸ் குழுவின் 'செரி'யும் (1996) எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அந்தப் பாடகரின் குரல் மென்மையாக ஒலித்தாலும் நல்ல உயரம். அசல் சுருதியில் தொடாதீர்கள்.

சுருதிப் பொத்தானைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! பாட்டுத் தேர்வைவிட இது முக்கியம். கரோகே இயந்திரம் டாம் ஆனாலும் ஜாய்சவுண்ட் ஆனாலும் பாட்டுத் தேடும் பலகையிலேயே கீ என்று இருக்கும். ஒரு தட்டுக்கு அரைக் கட்டை ஏறும், இறங்கும். பல்லவியின் உச்சியில் தொண்டை இறுகினால் இரண்டு மூன்று தட்டு இறக்குங்கள். பெண் குரல் பாட்டை ஆண் பாடும்போது ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடுவோம், அப்போது அடிக்குரலில் சத்தமே வராது. அங்கே இறக்கக் கூடாது, ஏற்ற வேண்டும். எத்தனை தட்டு என்பதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போங்கள், பாட்டு ஆரம்பித்தபின் தேடிக்கொண்டிருக்க முடியாது. அசல் சுருதிக்குத் திரும்ப 'கென்கியோகு கீ' என்று தனிப் பொத்தான் உண்டு. அதில் தெரியாமல் கை வைத்தால் நீங்கள் வைத்தது போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வார நாள் பகலில் தனியாகப் போய்ப் பாடிப் பாருங்கள். ஹிதோகரா என்று இங்கே அது சாதாரணம், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். பகலில் கட்டணமும் குறைவு. மைக்கில் கேட்கும் நம் குரல் வேறு, குளியலறையில் கேட்கும் குரல் வேறு. கைட் மெலடியின் ஒலியைக் கூட்டி வைத்தால் மெட்டு பின்னாலேயே கேட்கும். மதிப்பெண் போடும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரி போய்விடும்.

யொகொஹாமாவாசி:
முடிவு செய்துவிட்டேன். 'உயே ஓ முயிதே அருகோ' முதலில், இன்னொரு சுற்று வந்தால் ஸ்மாப். சனிக்கிழமை தனியாகப் போகலாம் என்றிருந்தேன், வார நாள் பகல் என்றால் விடுப்பு போட்டுவிட்டுப் போகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று: பாட்டில் விசில் பகுதி வருகிறதே, எனக்கு விசில் வராது. என்ன செய்வது?

மோகனப்பிரியன்:
ஐம்பது வயதுக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் மைக்கை அவரிடம் நீட்டுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் அதே மெட்டை 'ல ல' என்று பாடிவிடுங்கள். விசில் முடிந்து வரி எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள், தடுமாறுவது அந்த நுழைவில்தான்.