வலையில் விழாத பறவையெல்லாம் அழிந்துபோன பறவையா?

காட்டுக்குரல்:
இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "பனாமாவில் 44 வருட ஆய்வு. பூச்சி அழிந்தது, அதனால் பறவை அழிந்தது. இனி விவாதமே கிடையாது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2022இல் வந்த அந்தக் கட்டுரை, பனாமாவின் சொபெரானியா தேசியப் பூங்காவில் 1977 முதல் 2020 வரை மிஸ்ட் நெட்டில், அதாவது பறவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலையில், சிக்கிய பறவைகளின் கணக்கு. வலையின் உயரம் எவ்வளவு? தரையிலிருந்து இரண்டரை மீட்டர். அதற்கு மேலே ஒரு முழுக் காடு நிற்கிறது. அங்கே நடந்ததை இந்த வலை எப்படிச் சொல்லும்?

வலைமுனை:
கட்டுரை கீழ்த்தளப் பறவைகளை, அதாவது மரங்களுக்கு அடியில் தரையோரம் வாழும் பறவைகளைப் பற்றியது. தலைப்பையாவது படித்துவிட்டு வந்திருக்கலாம். அலசியது 57 இனங்கள். அதில் 40 குறைந்தன, அந்த நாற்பதில் 35 தங்கள் எண்ணிக்கையில் பாதியோ அதற்கு மேலோ இழந்தன, கூடியவை இரண்டே இரண்டு. மர உச்சியில் வாழும் டூக்கானைக் காணோம் என்று அதில் யாரும் சொல்லவில்லை.

காட்டுக்குரல்:
இரண்டரை மீட்டர். கேள்வி அதுதான். மரம் விழுந்து திறப்பு உண்டானால் மேல்தளப் பறவை கீழே இறங்கும், வலையில் விழும். திறப்பு மூடிக்கொண்டால் மறுபடி மேலே போய்விடும். வலைக்கு அது "குறைவு". காட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. 1996இல் ரெம்சன், குட் என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் 'ஆக்' என்ற பறவையியல் இதழில் எச்சரித்தார்கள்: வலையில் விழுவது பறவையின் நடமாட்டம், பறவையின் எண்ணிக்கை அல்ல.

நிதானி:
முதலில் 'சரிவு' என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொள்வோமா? பிடிபடும் விகிதமா, உயிரோடிருக்கும் எண்ணிக்கையா, வாழும் பரப்பா?

தமிழ்ச்சிறகு:
அதற்கு முன், 'மிஸ்ட் நெட்' என்றே எத்தனை நாள் எழுதுவீர்கள்? 'பனிவலை' என்று அழகாகச் சொல்லலாமே.

வலைமுனை:
பனிவலை என்றால் பனியைப் பிடிக்கும் வலை என்றுதான் படிப்பவன் நினைப்பான். மிஸ்ட் நெட் என்றால் அதைக் கட்டுகிற எல்லோருக்கும் புரியும்.

ரெம்சன்-குட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அரைகுறையாக மேற்கோள் காட்டுவது எனக்கு ஆகாது. அவர்களின் முக்கியமான எச்சரிக்கை, ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு ஒப்பிடுவதில். ஓயாமல் சுற்றும் மனாக்கின் என்ற சின்னப் பறவை அதிகம் விழும், ஓரிடத்தில் உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கும் பறவை குறைவாக விழும். அதை வைத்து மனாக்கின்தான் அதிகம் என்பது தவறு. ஆனால் அதே இனம், அதே இடம், அதே கண்ணி (வலைக்கண்) அளவு, வருடா வருடம் என்றால் நிலைமை வேறு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 மீட்டர் வலை ஒன்று ஒரு மணி நேரம் திறந்திருந்தால் ஒரு வலைமணி. 16 வலை, தினம் 6 மணி நேரம், 3 நாள் என்றால் 288 வலைமணி. அதில் 40 பறவை சிக்கினால் 100 வலைமணிக்குச் சுமார் 13.9. ஒப்பிட வேண்டியது இந்த விகிதத்தை, மொத்தத்தை அல்ல. முதல் நாள் சிக்கிய பறவை வலை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளும், இரண்டாம் மூன்றாம் நாள் விகிதம் விழும். அதனால் முதல் நாளை முதல் நாளோடுதான் வைக்க வேண்டும். வலையை இழுத்துக் கட்டினால் பறவை மோதித் தெறிக்கும், பறவை விழுந்து தங்கப் பை விழும் அளவுக்குத் தொய்வு வேண்டும். வெயில் பட்டால் நூல் பளிச்சென்று தெரியும். 36 மில்லிமீட்டர் கண்ணியில் சின்ன ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) நுழைந்து தப்பிவிடும். படையெறும்பு ஊர்வலம் வலையோரம் வந்தால், அது கிளப்பும் பூச்சியைத் தின்ன வரும் எறும்புப்பறவையாகவே அன்று விழும். இத்தனை கோளாறும் உண்மை. ஆனால் இவை முன்னும் பின்னும் ஆட்டும் கோளாறுகள். 44 வருடம் ஒரே பக்கமாக இழுக்காது.

காட்டுக்குரல்:
மரம் வளர்வது ஒரே பக்கமாகத்தானே இழுக்கும்? வலை மட்டும் 44 வருடமும் இரண்டரை மீட்டரிலேயே நின்றது. நீங்கள் எழுதிய பத்தியில் இதற்குப் பதில் எங்கே?

பூச்சிப்பெட்டி:
அந்த "பூச்சி அழிந்தது" என்ற பாதியை யாருமே தொடவில்லையே! புவெர்ட்டோ ரிக்கோவின் லுக்கில்லோ காட்டில் 1976-77க்கும் 2011-13க்கும் இடையே, வீச்சுவலையில் (செடிகளின் மேல் வீசிப் பிடிக்கும் வலை) பூச்சிகளின் உலர் எடை 4 முதல் 8 மடங்கும், ஒட்டுப்பொறியில் (பசைத் தட்டு) 30 முதல் 60 மடங்கும் குறைந்தது என்று 2018இல் கட்டுரை வந்ததே.

வலைமுனை:
அதையும் எடுத்துவிட்டீர்களா? 1989இல் ஹ்யூகோ புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. வெப்பம்தான் காரணம் என்று அவர்கள் காட்டிய பதிவில், 1992இல் அளவுக் கருவியையே மாற்றியிருக்கிறார்கள். எதிர்வினை எழுதியவர்கள் பிடித்தது அதையும்தான். நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் அளவில்லாத இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் இப்படித்தான். விளக்கு வைத்துப் பூச்சி பிடிக்கும் ஒளிப்பொறி பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள், பௌர்ணமி இரவையும் அமாவாசை இரவையும் ஒப்பிட்டு.

பூச்சிப்பெட்டி:
ஒளிப்பொறி விஷயத்தை எத்தனை தடவை கிளறுவீர்கள்? நிலவொளியில் அந்துப்பூச்சி குறைவாக வரும் என்று அந்த இழையில் சொன்னதே நான்தான். தேடிப் பாருங்கள்.

வலைமுனை:
தேடினேன். திருத்திய பிறகு சொல்லியிருக்கிறீர்கள்.

பனாமாவுக்கே திரும்புகிறேன். அந்தக் கட்டுரையே சொல்கிறது: உடல் எடை, இரை வகை, தொடக்க எண்ணிக்கை எதோடும் இந்தக் குறைவு பெரிதாக ஒட்டவில்லை. பூச்சிதான் காரணம் என்றால் பூச்சியுண்ணிகள் தனியாகச் சரிந்திருக்க வேண்டும். ஆக, "அதனால்" என்ற சொல் பக்கத்து இழைக்காரர் சொந்தமாகச் சேர்த்தது. அது தவறு. பறவை குறைந்தது தவறல்ல. இன்னொன்று: இரை குறைந்தால் பறவை அதிகம் அலையும், வலையில் அதிகம் விழும். அப்படிப் பார்த்தால் வலை சரிவைக் குறைத்துத்தான் காட்டியிருக்கும்.

காட்டுக்குரல்:
"அதனால்" தவறு என்று ஒப்புக்கொண்டீர்களே, அதுதான் நான் சொன்னது.

வலைமுனை:
நீங்கள் சொன்னது இரண்டரை மீட்டர். "அதனால்" பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

நிதானி:
காலில் அடையாள வளையமிட்ட பறவை மறுபடி சிக்கும் வீதத்திலிருந்து பிடிபடும் வாய்ப்பைத் தனியாகக் கணக்கிட முடியும். அதைச் செய்தால் உயரச் சண்டையில் பாதி குறையும்.

தமிழ்ச்சிறகு:
'வளையமிட்ட' என்பது நல்ல சொல். அதே மாதிரி 'பனிவலை'யும் பழகிவிடும்.

காட்டுக்குரல்:
வளையம் போடுவதும் அதே இரண்டரை மீட்டருக்குள் சிக்கிய பறவைக்குத்தான். மேலே ஏறிப்போன பறவைக்கும் செத்துப்போன பறவைக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசமே தெரியாது. கம்பியில் கப்பி மாட்டி மேல்தளத்துக்கு வலையை ஏற்றலாம், கூடவே ஓரிடத்தில் நின்று 50 மீட்டர் வட்டத்தில் கண்ட, கேட்ட பறவைகளை எண்ணும் பத்து நிமிடப் புள்ளிக் கணக்கெடுப்பும் வைக்கலாம். அந்த அளவு வரட்டும், அப்புறம் பேசுகிறேன்.

வலைமுனை:
1977இல் மேலே ஏற்றாத வலையை இப்போது ஏற்றினால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

காட்டுக்குரல்:
இரண்டரை மீட்டர்.