பதிவு முடிந்தால் அன்னதானம்: அண்டா அளவு முதல் தரகுக் கணக்கு வரை

கூடுவாஞ்சேரி வாசி:

எங்கள் பக்கத்தில் மனைத் தரகர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு பத்திரப்பதிவும் முடிந்த கையோடு, வந்த தரகில் பத்தில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுவார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் சாம்பார் சாதம், கேசரி, ஒரு வடை, எல்லாம் பாக்குமட்டைத் தட்டில். ஆட்டோக்காரர்கள், பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கும் பையன்கள், தூய்மைப் பணியாளர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் என நூறு பேர் சாப்பிடுகிறார்கள்.

மனசார நல்ல காரியம். ஆனால் ஒரு மாதத்தில் நாலு நாள் போடுகிறார், அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இதை நாள் தவறாத காலைச் சாப்பாடாக, உடம்புக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று அவரே கேட்கிறார். இந்த வேலை தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

அண்டா மாஸ்டர்:

காலை என்றால் கஞ்சிதான் சரி அண்ணே. ஒரே அண்டாவில் முடியும், ஒரு மணி நேரத்தில் இறக்கலாம், நூறு பேருக்கு இரண்டு ஆள் போதும். இட்லி என்றால் மாவு புளிக்கவில்லை, தட்டு பத்தவில்லை என்று ஏதாவது ஒன்று கிளம்பிக்கொண்டே இருக்கும்.

பருப்புக் கஞ்சி, 100 பேருக்கு, ஆளுக்கு 450 மில்லி: புழுங்கலரிசி நொய் 5 கிலோ, சிறுபருப்பு 2.5 கிலோ, தண்ணீர் 42 லிட்டர், பூண்டு கால் கிலோ, வெந்தயம் 50 கிராம், சீரகம் 100 கிராம், துருவிய தேங்காய் 4, உப்பு 225 கிராம். அண்டா 60 லிட்டருக்குக் குறையக் கூடாது. பொங்கி வர இடம் வேண்டும்.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் முதலில் அதைப் போடுங்கள். முக்கால் பதம் வெந்த பிறகு நொய். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நொய் குழைந்து அடியில் உட்கார்ந்துவிடும், பருப்பு வேகாமல் நின்றுவிடும். பூண்டும் வெந்தயமும் நொய்யோடு போகட்டும். வெந்தயம் 50 கிராமைத் தாண்டினால் கசப்பு தூக்கும், தேங்காயை எவ்வளவு போட்டாலும் அடங்காது. நொய் போட்ட முதல் கொதிக்குப் பிறகு தீயைப் பாதியாகக் குறைத்து, மரத்துடுப்பால் அடி தொட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பில் அடி பிடிக்கிற நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். ஃபோன் பார்க்கிற பையனை அங்கே நிறுத்தாதீர்கள்.

மீறிப் பிடித்துவிட்டால் துடுப்பை உள்ளே விடாதீர்கள். சுரண்டினால் தீய்ந்த வாசம் 45 லிட்டரிலும் ஏறிவிடும். தீயை அணைத்து, அடியைத் தொடாமல் மேலே இருப்பதை வாளியால் வேறு அண்டாவுக்கு மாற்றி, பத்து லிட்டர் அளவுக்கு அடியில் விட்டுவிடுங்கள். அந்த நட்டத்தை ஏற்கத்தான் வேண்டும்.

கஞ்சி ஆற ஆற இறுகும். முதல் இருபது பேருக்குச் சரியாக இருப்பது எழுபதாவது ஆளுக்குக் களி மாதிரி ஆகிவிடும். அப்போது பச்சைத் தண்ணீரை ஊற்றி இளக்குவதுதான் பெரிய தவறு. 5 லிட்டர் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கத் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துக்கொண்டு அதில்தான் இளக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேண்டாம். கொள்ளுத் துவையலோ கறிவேப்பிலைத் துவையலோ ஆளுக்கு 20 கிராம், மொத்தம் 2 கிலோ. கொள்ளை வறுத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் மிக்ஸி பிளேடு தப்பிக்கும். வாரம் இரண்டு நாள் கூடவே கொண்டைக்கடலைச் சுண்டல்: 5 கிலோ கடலை ஊறி வெந்தால் 10 கிலோவுக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு கைப்பிடி தாராளம்.

செவிலியர்:

மாஸ்டர் போட்ட உப்புக் கணக்கைப் பாருங்கள், அது ரொம்ப முக்கியம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பந்திச் சாம்பார் சாதத்தில் கிலோவுக்கு 10 கிராம் உப்பு சாதாரணம். 400 கிராம் சாதம் சாப்பிட்டால் அதிலேயே 4 கிராம் போய்விட்டது. மேலே வடை, ஊறுகாய், அப்பளம் வந்தால் ஒரே வேளையில் அன்றைய அளவு தாண்டிவிடும். மாஸ்டர் கஞ்சியில் ஆளுக்கு இரண்டேகால் கிராம். துவையலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்தாலும் பரவாயில்லை. உப்பு கேட்பவர்களுக்குத் தனியாகக் கிண்ணத்தில் வைக்காமல் எலுமிச்சைத் துண்டு வையுங்கள். புளிப்பு சேர்ந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது.

இரண்டாவது, நேரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைக் காலையில் போட்டுக்கொண்டு, 'அங்கே கஞ்சி கிடைக்கும்' என்று நம்பி வந்து நிற்பார்கள். கஞ்சி ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை இறங்கி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். வரிசையிலேயே மயங்கி விழுவது இப்படித்தான். 'தினமும் 7.15' என்று சொன்னால் 7.15க்கு முதல் கரண்டி விழ வேண்டும். யாராவது விழுந்தால், நினைவு இருந்தால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துக் கஞ்சி. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேசரியை விட்டுவிடுங்கள். மங்கலத்துக்கு இனிப்பு வேண்டுமென்றால் ஒரு சின்ன வாழைப்பழம் வைக்கலாம். குழைந்த நொய்க்கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், அதனால் பருப்பைக் குறைக்கவே கூடாது. விலை ஏறினால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். இரண்டரை கிலோ ஒன்றரை ஆனால் அது வெறும் மாவுச்சத்து. சுண்டல் போடும் நாளில் சுண்டலை முதலில் கொடுத்துவிட்டுக் கஞ்சியை ஊற்றுங்கள்.

இன்னொன்று, கஞ்சி முடிந்ததும் தேநீர் கொடுக்கும் பழக்கம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். அதற்குப் பதில் நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

உணவுப் பாதுகாப்பு:

சமைப்பதை விடச் சமைத்ததை வைத்திருப்பதில்தான் வினை வருகிறது. விடியற்காலை 3 மணிக்குச் சமைத்து, மூடி, 9 மணிக்குப் பரிமாறுவது வழக்கமாகிவிட்டது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. "நல்லா கொதிக்க வெச்சுட்டோம் சார்" என்பது இங்கே செல்லாது. 60 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்வரை பயமில்லை. அடுப்பில் சிறுதீயிலேயே வைத்துப் பரிமாறுங்கள். அடுப்பிலிருந்து இறக்கினால் இரண்டு மணி நேரத்தில் காலியாக வேண்டும். மிஞ்சியதை மதியத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாகக் கட்டி வெயிலில் அடுக்கி வைப்பது இதைவிட மோசம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றி: காசு வாங்காமல் போட்டாலும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உணவுத் தொழில்தான், லாப நோக்கம் இருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து போடுவதானால் ஆன்லைனில் பதிவு எடுத்துவிடுங்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அன்னதானம் போடுபவர்களையும் பதியச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய கப், மெல்லிய கவர், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை. கஞ்சிக்கு எவர்சில்வர் கிண்ணம் 120 வாங்கிவிட்டால் ஒருமுறை செலவோடு போயிற்று. ஆனால் கழுவ மூன்று தொட்டி வேண்டும்: சோப்பு, நல்ல தண்ணீர், கடைசியில் வெந்நீர். ஒரே வாளியில் முக்கி எடுப்பதற்கு மட்டைத் தட்டே மேல்.

மனைத் தரகர்:

நீங்கள் சொல்கிற தரகர் நானில்லை, ஆனால் அதே தொழில்தான். சாப்பாட்டுக் கணக்கு சரி, காசு எங்கிருந்து வரும் என்பதைச் சொல்கிறேன். இந்த மாதிரி தருமம் நின்றுபோவது மனசு இல்லாமல் இல்லை, கணக்கு இல்லாமல்தான்.

மாஸ்டர் சொன்ன கஞ்சி இன்றைய விலையில், பொருள், கேஸ், ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 ரூபாய் சுற்றி வரும். நூறு பேருக்கு ஒரு நாள் 2,000. முப்பது லட்சம் ரூபாய் மனை, வாங்குபவர் அல்லது விற்பவர் என ஒரு பக்கம் மட்டும் 2 சதவீதம் என்றால் தரகு 60,000. பத்தில் ஒன்று 6,000. அதாவது ஒரு பதிவு மூன்று நாள் கஞ்சி. மாதம் இரண்டு பதிவு முடிக்கிற ஆள் வருடத்துக்கு 72 நாள்தான் போட முடியும். 'தினமும்' என்று பலகை வைத்தால் மூன்றாவது மாதமே பலகையைக் கழற்ற வேண்டி வரும். 50 பேர், வாரம் மூன்று நாள் என்று வையுங்கள். வருடத்துக்கு 156 நாள், செலவு 1,56,000. வரவு 1,44,000. துண்டு விழும் 12,000ஐச் சமாளிக்கலாம். தினமும் நூறு பேருக்குத்தான் வேண்டும் என்றால் அந்தப் பகுதித் தரகர்கள் ஐந்தாறு பேர் கிழமை பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, நம் தொழிலில் வரவு சீராக வராது. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிய ஆள் வராது. தை, ஆவணியில் முகூர்த்த நாள் என்றால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடுகிறது. 'பதிவு முடிந்தால் அன்னதானம்' என்கிற முறையில், வேலை குறைந்து கூலிக்காரர்கள் கையில் காசு இல்லாத அதே மாதத்தில் சாப்பாடும் நிற்கும். ஆகவே தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி, தரகு வந்த அன்றே பத்தில் ஒன்றை அதில் தள்ளி, மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகு கஞ்சியைத் தொடங்க வேண்டும். மேலே சொன்ன கணக்குக்கு அது 39,000 ரூபாய்.

பத்தில் ஒன்று எதில் என்பதும் கேள்வி. தரகுக்கு மேல் வாங்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் பணமில்லை, அதைச் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அரிசி, பருப்பு வாங்கிப் போட்டதற்குக் கழிவு கிடையாது. நன்கொடைக் கழிவுக்கான பதிவு (80ஜி) பெற்ற அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்து, சான்று வாங்கினால்தான் உண்டு. ரொக்கம் 2,000க்கு மேல் போனால் அதுவும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. கழிவுக்காகச் செய்கிற வேலையாக இதை எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாங்குபவரிடம் 'அன்னதானத்துக்கு ஒரு ஐயாயிரம்' என்று தரகோடு சேர்த்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தருமமே இல்லை, பெயர் மாற்றி வாங்கிய தரகு. கஞ்சி வரிசையில் மனை நோட்டீஸ் கொடுப்பதும் கூடாது. பசியோடு நிற்பவரிடம் வியாபாரம் பேசுவது அசிங்கம். சாப்பிடுகிறவர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதும் அப்படித்தான். கணக்கு காட்ட வேண்டுமென்றால் அண்டாவைப் படம் எடுங்கள், மளிகை ரசீதை ஒட்டுங்கள்.

கூடுவாஞ்சேரி வாசி:

ரொம்ப நன்றி. ஆடியில் கூழும், சித்திரையில் நீர்மோரும் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கும் அளவு சொல்லுங்கள் மாஸ்டர்.

அண்டா மாஸ்டர்:

கூழ் 100 பேருக்கு, ஆளுக்கு 300 மில்லி: கேழ்வரகு மாவு 3 கிலோ, நொய் ஒன்றரை கிலோ. மாவை முதல் நாள் மாலையே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் வெந்த நொய்யில் ஊற்றிக் கிண்டிக் களியாக இறக்கி ஆறவிட வேண்டும். அப்புறம்தான் மோரும் தண்ணீரும் விட்டுக் கரைப்பது. புளிக்க மண்பானையோ எவர்சில்வரோ போதும், அலுமினியம் வேண்டாம். கஞ்சியில் ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் கொதிக்கிறது, கூழில் கரைக்கிற தண்ணீர் கொதிப்பதில்லை. ஆடிக் கூழ் குடித்து வயிற்றுப்போக்கு என்றால் காரணம் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். 12 லிட்டரை முதல் நாளே கொதிக்கவைத்து மூடி ஆறவையுங்கள். சின்ன வெங்காயத்தை ஊற்றுகிற நேரத்தில் நறுக்கினால் போதும்.

நீர்மோர் 200 பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி, ஆக 40 லிட்டர்: தயிர் 8 லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீர் 32 லிட்டர், உப்பு 120 கிராம், இஞ்சி, கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம். பச்சைமிளகாயைக் குறையுங்கள், வெறும் வயிற்றில் வெயிலில் வருகிறவர்கள் அதிகம்.

உணவுப் பாதுகாப்பு:

நீர்மோரில் ஐஸ் போடுவதைப் பற்றி ஒரு வரி. நீல நிற ஐஸ் மீன் வைப்பதற்கானது. சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீலம் கலக்க வேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. வெள்ளையாக இருந்தாலே சாப்பிடலாம் என்றும் இல்லை. நல்ல தண்ணீரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஐஸ் இல்லாமல் மண்பானையைத் தண்ணீர் தெளித்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். மோந்து ஊற்ற நீளப்பிடி அகப்பை ஒன்று போதும். டம்ளரைப் பானைக்குள் யாரையும் விடவிடாதீர்கள்.

செவிலியர்:

அந்த வாரம் மூன்று நாள் எந்தெந்தக் கிழமை என்பதைப் பலகையில் எழுதி, ஒடியா, இந்தியிலும் எழுதிவிடுங்கள் சார். இல்லாத நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு யாரும் வந்து நிற்கக் கூடாது.