லயத்துக்குப் பின்னால் எரிந்த வயர்

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பழைய தோட்டம். தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் இப்போது எட்டுக் குடும்பங்கள்தான் மிச்சம்.

2019 அக்டோபரில் மலேசியத் தீபகற்பம் முழுக்க அனலாக் டிவி ஒளிபரப்பை நிறுத்தினார்கள் அல்லவா? டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கித் தரும் டெக்கோடர் மாட்டினால் பழைய பெட்டியிலேயே படம் வரும். ஆனாலும் பலர் அதைச் சாக்காக வைத்துப் புது டிவி வாங்கினார்கள். பழையது எங்கே போகும்? குப்பை லோரி எடுக்காது. செம்பனை ஓரத்துக் கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பையன்கள் கல்லால் பிக்சர் டியூபை உடைத்து, அதன் கழுத்தில் சுற்றியிருந்த செம்புச் சுருளைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். பெரிய பெட்டி என்றால் ஒன்றிரண்டு கிலோகூட இருக்கலாம். இது அப்போது எனக்கே தெரியாது.

எனக்குப் புரிய வைத்தது பக்கத்து வீட்டு மாமாதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், கையில் காசு கிடையாது. சேர்த்த வயரையெல்லாம் சாயங்காலத்தில் லயத்துக்குப் பின்னால் போட்டு எரிப்பார். ஒருநாள் புகை எங்கள் சமையலறைக்குள் வந்து, என் மகளுக்கு இழுப்பு கண்டு, ராத்திரி கிளினிக்குக்கு ஓடினோம்.

மறுநாள் கோபத்தோடுதான் போனேன். “தோலோட குடுத்தா பாதிக் காசுகூட தரமாட்டான்மா. எரிச்சாத்தான் செம்பு” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் சண்டை போட வரவில்லை. அப்புறம் பழைய கதையை எடுத்தேன். சீனா பிளாஸ்டிக் கழிவு வாங்குவதை நிறுத்திய 2018-இல், பக்கத்து ஜெஞ்சாரோமில் சட்டவிரோதத் தொழிற்சாலைகள் முளைத்து ராத்திரியில் எரித்தார்களே, அந்த நாற்றம் ஞாபகம் இருக்கா மாமா என்று கேட்டேன். அன்று அவரும் திட்டியவர்தான். வயரின் உறையும் பிளாஸ்டிக்தான், எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும், மண்ணில் தங்கும், கொல்லையில் மேயும் கோழியின் முட்டைக்கும் போகும் என்றேன். முட்டை என்றதும் மனிதர் பேசவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் தின்னும் முட்டை.

எரிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமாகப் படவில்லை. வயர் உரிக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மெல்லிய வயர் உரிப்பதற்குள் விரல் நோகும், உண்மைதான். ஆனால் கருகாத செம்புக்குக் கடையில் கூடுதல் விலை கிடைத்தது. இப்போது வாசலில் உட்கார்ந்து உரிக்கிறார். என் மகளும் கூட உட்காருகிறாள்.

2022-இல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் கால்வாசிகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இல்லை. எங்கள் கொல்லையில் எரிந்தது அந்தக் கணக்கில் வராத பங்கு. நம் சுற்றுச்சூழல் துறை இதை எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அபாயக் கழிவாக வைத்திருக்கிறது. பிரித்தெடுக்க உரிமம் உள்ள இடங்களின் பட்டியலும் அவர்களிடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் கோயில் மண்டபத்தில் ஒரு டோங் (பெரிய தொட்டி) வைத்தோம். போன், சார்ஜர், ரிமோட் எல்லாம் வந்து விழுந்தன. உப்பிய போன் பேட்டரியை மட்டும் டோங்கில் போட விடுவதில்லை. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். மணல் நிரப்பிய பால்மாவு டின்னில் தனியாக வைக்கிறோம்.

ஃப்ரிட்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸருக்காகக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு அப்படியே வெளியே போய்விடும். அதில் சில வகை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும். தயவுசெய்து வீட்டில் வெட்டாதீர்கள், வெட்டுகிறவனுக்கும் கொடுக்காதீர்கள்.

கால்வாயிலிருந்து தூக்கிய 4 டிவிகள் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போட்டு இருக்கின்றன. உரிமம் உள்ள இடங்களில் போன், சார்ஜர் என்றால் எளிதாக வாங்கிக்கொள்கிறார்கள், பிக்சர் டியூப் என்றதும் தயங்குகிறார்கள். கிள்ளான், காப்பார் பக்கம் யாராவது கொடுத்திருந்தால் எங்கே என்று சொல்லுங்கள். லோரி வாடகையை நாங்கள் எட்டு வீடும் பிரித்துக்கொள்கிறோம்.