சங்கிலிக்குள் புகுந்த அமினோ அமிலம்: ‘அமினெச்சம்’ என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

புரதச் சங்கிலியில் இடம்பெற்றுவிட்ட அமினோ அமிலத்தை (ஆங்கிலத்தில் residue) தமிழில் குறிக்க நம் கலைச்சொல் உரையாடலில் ‘எச்சம்’, ‘மீதி’, ‘கண்ணி’, ‘அலகு’ என நான்கு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. தனிச்சொல்லே வேண்டியதில்லை, இரு நிலைகளிலும் ‘அமினோ அமிலம்’ என்றே எழுதலாம் என்ற கருத்தும் வந்துள்ளது. அக்கருத்து சரியாக இருந்தால் மற்ற நான்கையும் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை என்பதால் அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சேரும்போது ஒன்றின் கார்பாக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ராக்சிலும் மற்றொன்றின் அமினோ தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் விலகி நீராக வெளியேறுகின்றன. எனவே சங்கிலியின் நடுவே இருப்பது இருபுறமும் இழந்து நிற்பதாகும். கிளைசின் என்னும் அமினோ அமிலத்தின் நிறை தனித்த நிலையில் 75 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு); சங்கிலிக்குள் அதுவே 57. இழப்பு நிறையோடு முடிவதில்லை. நடுநிலைக் கரைசலில் தனித்த அமினோ அமிலத்தின் அமினோ தொகுதி நேர்மின்னூட்டமும் கார்பாக்சில் தொகுதி எதிர்மின்னூட்டமும் கொண்டிருக்கும். சங்கிலியின் நடுவில் இவ்விரண்டும் மறைந்து, பக்கச்சங்கிலியில் மின்னூட்டம் இருந்தால் அது மட்டுமே எஞ்சும். அமினோ தொகுதியும் அமிலத் தொகுதியும் அந்நிலையில் இல்லாத ஒன்றை ‘அமினோ அமிலம்’ என்பது பேச்சில் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. கணக்கில் அது தவறான விடையைத் தரும். இன்சுலினில் 21 உறுப்புகள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 உறுப்புகள் கொண்ட மற்றொரு சங்கிலியும் உள்ளன. 51 தனித்த அமினோ அமிலங்களின் நிறைகளைக் கூட்டி இன்சுலினின் நிறை இதுவே என்று எழுதும் மாணவர், வெளியேறிய 49 நீர்மூலக்கூறுகளின் நிறையாகிய ஏறத்தாழ 880 டால்டனையும், மூன்று இருகந்தகப் பாலங்கள் அமைந்தபோது விலகிய ஆறு ஹைட்ரஜன்களையும் சேர்த்தே எண்ணிவிடுகிறார்.

இதைவிட வலுவான சான்று, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமாகிய கொலாஜனில் உள்ளது. அதில் நிறைந்துள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்னும் உறுப்புக்கு மரபுக்குறியீடு கிடையாது. செல்லில் புரதச் சங்கிலியைக் கோக்கும் ரைபோசோம் அதனைக் கோப்பதும் இல்லை. முதலில் புரோலின் சங்கிலியில் சேர்கிறது. சேர்ந்தபின் ஒரு நொதி அதன்மீது ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்றுகிறது. அந்நொதி தொடர்ந்து இயங்க உயிர்ச்சத்து சி தேவைப்படுவதால்தான் அச்சத்துக் குறைபாட்டில் கொலாஜன் வலுவிழந்து ஈறுகளில் குருதி கசிகிறது. இங்கு நொதி மாற்றுவது ‘புரோலின் என்னும் அமினோ அமிலத்தை’ என்று எழுதினால், தனித்த புரோலின் மாற்றப்பட்டுப் பின்னர் சங்கிலியில் சேர்வதாகவே படிப்பவர் புரிந்துகொள்வார். ஆகவே தனிச்சொல் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘அலகு’ எந்தப் பல்படிக்கும் (பாலிமருக்கும்) பொருந்தும் பொதுச்சொல். அளவைக்கும் அதுவே வழங்குகிறது. ‘மீதி’ கணக்குப் பாடத்துக்கு உரியதாக நிலைத்துவிட்டது. ‘கண்ணி’ அழகான சொல். சங்கிலி என்றதும் கண்ணி தானே வந்து பொருந்துகிறது. படிப்பவருக்கு விளக்கமும் வேண்டியதில்லை. ஆனால் அது உறுப்பின் இருப்பிடத்தைச் சொல்கிறதே தவிர, அங்கு வந்துசேர அந்த உறுப்பு எதை இழந்தது என்பதைச் சொல்வதில்லை. நிறைக் கணக்கில் தடுக்கி விழும் மாணவரை ‘கண்ணி’ எச்சரிக்காது.

இனி ‘எச்சம்’. பறவையின் கழிவு நினைவுக்கு வருகிறது என்றும், காய்கறியில் தங்கும் பூச்சிக்கொல்லியையும் அவ்வாறே குறிக்கிறோம் என்றும் இங்கே மறுப்புகள் வந்தன. இரண்டாவது மறுப்பு உண்மையிலேயே கருதத்தக்கது. ‘இக்கரைசலில் அமினோ அமில எச்சங்கள் உள்ளன’ என்ற தொடர் வினைபுரியாமல் மிஞ்சிய அமினோ அமிலத்தையும் குறிக்கலாம். எது என்று தொடர் தெளிவாக்குவதில்லை.

எனினும் எச்சம் என்பதற்குத் தமிழ் இலக்கணத்தில் வேறொரு பொருள் உண்டு. இவ்வாதத்தில் அதனை எவரும் இதுவரை எடுக்காதது எனக்கு வியப்பே. ‘படித்த’ என்பது ஒரு பெயரையும் ‘படித்து’ என்பது ஒரு வினையையும் வேண்டி நிற்கின்றன. இவற்றை எச்சம் என்கிறோம். கழிந்து ஒதுங்கியவை என்பதால் அல்ல, தம்மளவில் முடியாமல் அடுத்து வருவதைக் கொண்டு முடிபவை என்பதால். தொல்காப்பியர் எச்சங்களைப் பத்தாகப் பகுத்து ‘எஞ்சுபொருட் கிளவி’ என்றார். புரதச் சங்கிலியின் உறுப்பும் இத்தன்மையதே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடத்தின் அச்சுகளாக அமைந்த ஃபை, சை என்னும் இரு கோணங்களை, அதாவது ஒவ்வோர் உறுப்பிலும் சங்கிலி எவ்வளவு முறுகியுள்ளது என்று காட்டும் கோணங்களை, எண்ணிப் பாருங்கள். ஃபை கோணத்தை வரையறுக்க முந்தைய உறுப்பின் கார்பன் வேண்டும். சை கோணத்துக்கு அடுத்த உறுப்பின் நைட்ரஜன் வேண்டும். சங்கிலியின் முதல் உறுப்புக்கு ஃபை இல்லை, கடைசி உறுப்புக்குச் சை இல்லை. தனித்து நிற்கும் அமினோ அமிலத்துக்கோ அவ்வரையறைப்படி இரண்டுமே இல்லை. அண்டையில் இருப்பதைக் கொண்டே தன் வடிவம் முடிகின்ற ஒன்றுக்கு எச்சம் என்னும் பெயர் இலக்கணப் பொருளிலேயே பொருந்துகிறது.

எனவே பெயரெச்சம், வினையெச்சம் என்பவற்றின் அமைப்பிலேயே ‘அமினெச்சம்’ என்ற கூட்டுச்சொல்லை முன்மொழிகிறேன். ஒரே சொல்லாக இறுகிவிடுவதால் பூச்சிக்கொல்லிக் குழப்பம் நீங்குகிறது. குறிப்பிட்ட பெயர் முன்னால் வருமிடத்தில் ‘வாலின் எச்சம்’, ‘புரோலின் எச்சம்’ எனச் சுருக்கி எழுதலாம். மாவுச்சத்து, கிளைக்கோஜன் பற்றி எழுதுவோர் ‘சர்க்கரையெச்சம்’ என்று இதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம். (இலக்கண ஆசிரியர் எவரேனும் அமினெச்சம் எந்தப் பெயரைக் கொண்டு முடியும் என்று கேட்டால், அடுத்த அமினெச்சத்தைக் கொண்டு என்று விடை கூறலாம்.)

சொல்லைத் தொடரில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினெச்சங்கள் உள்ளன, அவற்றுள் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமில எச்சத்துக்குப் பதிலாக வாலின் எச்சம் அமைவதே அரிவாள்செல் நோய்க்குக் காரணம்; இவ்வெச்ச மாற்றத்தை வெர்னன் இங்கிரம் 1957இல் காட்டினார்.’ எனக்கு இத்தொடர் தடையின்றி ஓடுகிறது. ‘அமினெச்ச வரிசை’ என்பதும் அவ்வாறே.

எதிர்பார்க்கக்கூடிய ஒரு மறுப்பு, ‘அமின்’ என்பது வேதியியலில் வேறொரு சேர்ம வகையின் பெயர் ஆயிற்றே என்பது. அதனைத் தவிர்க்க விரும்பினால் புணர்ச்சி விதிப்படி ‘அமினோவெச்சம்’ என்று எழுதலாம். பிழையில்லை, நீளமும் அதிகமில்லை. ஆயினும் ஒரு பக்கத்தில் பத்து முறை வரும் சொல்லாதலால் நாவில் எளிதாகப் புரளும் வடிவத்தையே நான் விரும்புகிறேன். அமின்களைப் பற்றிப் பேசுமிடத்தில் எச்சம் என்ற சொல்லுக்கு வேலை அரிதாகையால் இரண்டும் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. சங்கிலியின் இரு முனைகளில் உள்ளவை ஒரு புறம் மட்டுமே இழந்தவை என்றாலும் அவற்றுக்கும் இப்பெயரே பொருந்தும். ‘முதல் அமினெச்சம்’, ‘கடை அமினெச்சம்’ என்று எழுதலாம். கிளைசின், அலனின் ஆகியவை சங்கிலிக்குள் பெறும் கிளைசில், அலனில் போன்ற பெயர் வடிவங்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. அவற்றைத் தமிழாக்க விரும்புவோர் இருப்பின் இதனோடு கலக்காமல் தனியே பேசலாம்.