மறு: ‘கேட்’டுக்குத் தமிழ் – வாயிலா, மதகா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வாரமாகச் சம்பா நடவு. மடல்களைப் படித்ததோடு சரி, பதில் எழுத முடியவில்லை. இன்று மழை பிடித்துக்கொண்டது, நடவாட்கள் வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கிய ஐயா கேட்டது, எல்லாத் துறைக்கும் பொருந்துகிற மாதிரி ஆங்கில ‘கேட்’டுக்கு (gate) ஒரே தமிழ்ச்சொல். எனக்கு அந்த ‘ஒரே’யில்தான் தகராறு. ஆங்கிலத்திலேயே அது ஒரு சொல் இல்லை. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று தெருக்கள் இருக்கின்றன. கதவைத் தேடினால் கிடைக்காது. அந்த ‘கேட்’ வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் சொல், தெரு என்று பொருள். வீட்டு வாசலில் நிற்கிற கேட் பழைய ஆங்கிலச் சொல். எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 1972இல் அமெரிக்க அரசியல் ஊழல் ஒன்றில் மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் ஒரு கட்டடத்தின் பெயர். அதன் வாலை மட்டும் வெட்டி இன்று எந்த ஊழலுக்கும் ஒட்டவைக்கிறார்கள். அவர்கள் ஒரு சொல்லை இத்தனை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதற்காக நாமும் அனுப்ப வேண்டுமா?

நம்மிடம் வீட்டுக்கு வாசல், கோட்டைக்கு வாயில், கொல்லைக்குப் படல், மலைக்குக் கணவாய், ஆற்றுக்குப் பலகையை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிற மதகு. படலைப் போய் வாயில் என்றால் என் பாட்டி சிரித்திருப்பார்.

கணினிச் சுற்றுகளில் வருகிற ‘லாஜிக் கேட்’டுக்கு வைத்த தருக்க வாயிலைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பாடநூலில் ஏறிவிட்டது, பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அது வாயிலே இல்லை, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொல்கிற பஞ்சாயத்து. இருந்தாலும் போகட்டும்.

மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற டிரான்சிஸ்டரில் வருகிற கேட்தான் வேறு. அது தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வருகிறது. 1952இல் இயற்பியலாளர் ஷாக்லி, மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற புலவிளைவு டிரான்சிஸ்டரைப் பற்றி எழுதியபோது அதன் மூன்று முனைகளுக்கு சோர்ஸ் (மின்னோட்டம் புறப்படுகிற முனை), கேட் (கட்டுப்படுத்துகிற முனை), டிரெய்ன் (வெளியேறுகிற முனை) என்று பெயர் வைத்தார். நடுவில் மின்சாரம் ஓடுகிற தடம் சேனல். 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதே வகையைச் சேர்ந்த மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வந்தபோதும் அதே பெயர்கள்தான். நான்கையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முழுக்க முழுக்கப் பாசன பாஷை. கல்லணைக்குக் கீழே பிறந்தவன் எவனுக்கும் இதை மொழிபெயர்க்க அகராதி வேண்டாம். நம்முடைய இப்போதைய பட்டியலோ மூலம், வாயில், தடம், வடிமுனை என்று நான்கு திசையில் நிற்கிறது. அதிலும் ‘மூலம்’ என்று கரும்பலகையில் எழுதியவுடன் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். பேருந்து நிலையச் சுவரொட்டிகள் அந்தச் சொல்லை அப்படிக் கெடுத்துவைத்திருக்கின்றன.

என் முன்மொழிவு: சோர்ஸுக்குத் தலைமடை, கேட்டுக்கு மதகு, சேனலுக்கு வாய்க்கால், டிரெய்னுக்கு வடிகால்.

சோர்ஸுக்குத் ‘தலைப்பு’ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆனால் கட்டுரைக்கும் தலைப்பு, சேலைக்கும் தலைப்பு. குழப்பம் வேண்டாம். டிரெய்னுக்குக் ‘கடைமடை’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஐயோ, வேண்டாம். கடைமடை என்பது மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் வந்து சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். டிரெய்ன் அப்படி ஏங்குகிற முனை இல்லை, வந்ததை வாங்கி வெளியே விடுகிற முனை. அது வடிகால்தான்.

இப்போது மதகு என்ற சொல்லுக்கு இந்த இழையில் வந்த எதிர்ப்புகள். நகரத்தில் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் கேட்டார். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரி மதகு என்ற சொல்லைச் சென்னையில் கேட்காத வீடு உண்டா? யாழ்ப்பாணத்து அம்மா எழுப்பிய தடை கனமானது. அவர்கள் பக்கம் மதகு என்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலம், சாயங்காலம் இளைஞர்கள் உட்கார்ந்து கதைக்கிற இடம். இங்கேயும் மதகுக் கட்டையில் உட்கார்ந்துதான் ஊர்வம்பு பேசுகிறோம். ஆனால் எங்கள் மதகில் பலகை உண்டு, அங்கே இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்ப வேண்டியதுதான்.

மூன்றாவது எதிர்ப்பு என் வகுப்பிலிருந்தே வந்தது. பாலிடெக்னிக்கில் இந்த நான்கு சொல்லையும் வைத்து நடத்திப் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன் எழுந்து, “சார், தண்ணி மதகு வழியாத்தான போவுது? கேட் வழியா கரண்ட் போகாதுன்னு சொன்னீங்களே?” என்றான். சரியான அடி. கேட்டுக்கும் சிலிக்கனுக்கும் நடுவில் ஆக்சைடுப் படலம் இருக்கிறது, மின்னோட்டம் அதைத் தாண்டாது.

எங்கள் ஊர் மூன்று கண் மதகை நினைத்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். மதகைத் திறந்து மூடுகிற பணியாளரான லஸ்கர் சாவியோடு வருவார். மேலே கிரீஸ் பூசிய திருகுதண்டு. முதல் இரண்டு சுற்றுக்குப் பலகை அசையவே அசையாது, தண்டின் தளர்ச்சிதான் தீரும். அடுத்த சுற்றில் கீழே சர்ரென்று ஒரு சீறல், அப்புறம் சுற்றச் சுற்ற நீர் கூடும். அவர் கை நனையாது. அவர் திருகுகிற அந்த இடம்தான் கேட் முனை. வீணாகப் போன இரண்டு சுற்றுதான் தொடக்க மின்னழுத்தம், அதாவது மின்னோட்டம் தொடங்கக் கேட்டுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மின்னழுத்தம். முழுக்க இறக்கிய பிறகும் பலகை ஓரத்தில் ஒழுகும், சாக்கும் வைக்கோலும் வைத்து அடைப்போம். மாஸ்ஃபெட்டிலும் மூடிய பிறகு ஒழுகுகிறது, அதைச் சாக்கு வைத்து அடைக்க முடியாது, அவ்வளவுதான் வேறுபாடு. பையன் ஒப்புக்கொண்டான். ஆனால், “அப்ப மதகுன்னு சொல்லாம பலகைன்னு சொல்லுங்க சார்” என்று முணுமுணுத்தான். அவன் சொல்வதுதான் துல்லியம். நான் மதகையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், ‘மதகு மின்னழுத்தம்’ நாக்கில் புரள்கிறது, ‘பலகை மின்னழுத்தம்’ தச்சுப் பட்டறைக்குப் போய்விடுகிறது.

உவமை இடறுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். டெல்டாவில் வாய்க்கால் முன்பே இருக்கும், மதகு அதில் நீரை விடும். நாம் அதிகம் பயன்படுத்துகிற மாஸ்ஃபெட் வகையில் மின்னழுத்தம் கொடுத்த பிறகுதான் வாய்க்காலே உண்டாகிறது, எடுத்தால் மறைந்துவிடுகிறது. தூர் வாரும் வேலையே இல்லாத வாய்க்கால்! கிளைக்குக் கிளையாகப் பிரிந்து வயலுக்கு வருகிற எங்கள் ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்களுக்கு இந்த யோகம் இல்லை. பாடம் எழுதும்போது இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும், சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு முனை பாக்கி இருக்கிறது. இவை எல்லாம் உட்கார்ந்திருக்கிற சிலிக்கன் அடித்தளம், சப்ஸ்ட்ரேட். ‘அடிமண்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘படுகை’ இன்னும் அழகுதான், ஆனால் படுகை என்றால் ஆற்றோரம் வாழை நிற்கிற இடம் என்று வீட்டில் ஆட்சேபம். யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள். மழை விட்டுவிட்டது, வரப்பில் மடை உடைந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.